யாரை நோக்கிய பாட்டு?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு 2016-ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, கிட்டார் மீட்டி மேடையில் பாடுகிற ஒருவரை இலக்கியவாதி என்று எப்படி ஏற்பது என்று மேலைநாட்டு எழுத்தாளர் சிலர் முகம் சுளித்தனர். பரிசை அறிவித்த சுவீடன் அக்காதெமியின் செயலர் ஹோமரையும் சாப்போவையும் துணைக்கு அழைத்தார். அவர்களின் பாக்களும் செவியால் கேட்கப்படவே, பெரும்பாலும் இசைக் கருவிகளோடு நிகழ்த்தப்படவே எழுந்தவை என்றார். தமிழராகிய நமக்கு இந்த ஐயமே எழுந்திருக்கக் கூடாது. இயலையும் இசையையும் கூத்தையும் ஒரே மொழியின் மூன்று முகங்களாகக் கண்டவர்கள் நாம். யாழைச் சுமந்து ஊர் ஊராக நடந்த பாணனைச் சங்கப் புலவர்கள் தம் உடன்பிறப்பாகவே நடத்தினார்கள். ஆனாலும் நம் இல்லங்களில் இளையோர் ஒலிபெருக்கியைத் திருகியவுடன் நம் வாயில் முதலில் வருகிற சொல் ‘சத்தம்’ என்பதுதான். பாட்டைக் கேட்கு முன்பே தீர்ப்பு எழுதி விடுகிறோம்.

சத்தம் உண்டு, மறுப்பதற்கில்லை. மின் கிட்டாரும் டிரம்சும் முழங்குகிற பாட்டில் நுட்பமான உவமைகள் பெரும்பாலும் செவிக்கு எட்டுவதில்லை. தாளில் அச்சடித்துப் படித்தால் அழகாகத் தோன்றும் உருவகம் மேடையில் கருவிகளுக்குள் மூழ்கிப் போகிறது. அப்படியானால் இத்தகைய பாட்டில் பொருளைச் சுமப்பது எது? என் கருத்தில் அது இரண்டே கூறுகளில் இருக்கிறது. ஒன்று, மீண்டும் மீண்டும் வரும் சொல். மற்றொன்று, பாடுகிறவர் யாரை விளிக்கிறார் என்பது. உவமை அழகாக இல்லை என்று ராக் பாட்டைக் குறை சொல்பவர், நாதசுரத்தில் சொல் இல்லை என்று குறை சொல்பவரைப் போன்றவர்.

மீண்டும் வரும் சொல்லைப் பற்றி முதலில் பேசுவோம். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று. பொன்னர், சங்கர் வரலாற்றைக் காங்கேயம் பக்கத்தில் 1965-இல் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார். பின்னர் அதை நூலாகவும் வெளியிட்டார். உடுக்கைப் பாட்டில் முதன்மைப் பாடகர் ஓர் அடியைப் பாடி முடித்ததும், பின்பாட்டுக்காரர் அதன் கடைசிச் சொற்களைப் பற்றி இழுப்பார். இது வெறும் அழகுக்காகச் செய்வதன்று. உடுக்கை ஒலியில் முதல் முறை தவறவிட்ட சொல்லை இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளச் செவிக்கு வாய்ப்புத் தருகிறது. மேளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மீள்வு தேவை. ராக் பாட்டின் பல்லவி நான்கு முறை திரும்புவதற்கும் இதுவே முதற்காரணம்.

ஆனால் மீள்வு எல்லாம் ஒன்றல்ல. நம் அணியிலக்கணம் இதை மிக நுட்பமாகப் பிரித்திருக்கிறது. தண்டியலங்காரம் பின்வருநிலையணி என்று ஓர் அணியைச் சொல்கிறது. ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வந்தால் அது சொற்பின்வருநிலை. ஒரே பொருள் வேறு வேறு சொற்களில் வந்தால் பொருட்பின்வருநிலை. சொல்லும் பொருளும் மாறாமல் திரும்பினால் சொற்பொருட்பின்வருநிலை. பள்ளியில் திருக்குறளுக்கு அணி எழுதும்போது இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம். பாட்டைக் கேட்பதற்கு இதைவிடக் கூர்மையான கருவி எனக்குத் தெரியாது.

குருமடத்தில் திருப்பாடல்களைப் பயின்றவர்களுக்கு இவற்றுள் இரண்டாவது வகை நன்கு பழக்கமானது. ஓர் அடியில் கூறிய கருத்தை அடுத்த அடியில் வேறு சொற்களால் மறுபடியும் கூறுவதே எபிரேயக் கவிதையின் உயிர்நாடி என்பதை ஆங்கிலேயரான இராபர்ட் லவுத் 1753-இல் வெளியிட்ட விரிவுரைகளில் விளக்கினார். எதுகையும் மோனையும் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடும். பொருள் மீள்வு உதிராது. எந்த மொழிக்குள் கொண்டுவந்தாலும் திருப்பாடல் கவிதையாகவே நிற்பதற்குக் காரணம் அதுதான். கிட்டார் பாடகர்கள் விவிலியத்தை நாடிப் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்று பட்டியலிடும் சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்துக்குப் பீட் சீகர் இசையமைத்தார். அதைப் பேர்ட்ஸ் குழு 1965-இல் மின் கிட்டாரோடு பாடியபோது, அது வியட்நாம் போர்க்காலத்து இளைஞரின் பாட்டாக மாறிற்று. சொற்கள் ஏறத்தாழ அப்படியே பழையவைதான். பாடியவர்களும் கேட்டவர்களும் மாறியதால் பொருளும் மாறியது.

இவ்விடத்தில் என் இரண்டாவது கூறு வருகிறது. நாடுகடத்தப்பட்டோர் பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து அழும் 137-ஆம் திருப்பாடலை 1970-இல் ஜமைக்காவைச் சேர்ந்த மெலோடியன்ஸ் குழு பாட்டாக்கியது. ராஸ்தஃபாரி சமயத்தவரின் பார்வையில் பிறந்த பாட்டு அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். பாபிலோன் என்றால் அவர்களுக்குத் தங்களை ஒடுக்கும் அதிகார அமைப்பு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல், ஜெர்மனியிலிருந்து இயங்கிய போனி எம் குழு அதே பாட்டை நடனத்துக்கு ஏற்றவாறு பாடி உலகெங்கும் புகழ்பெற்றது. நம் ஊர்த் திருமண வீடுகளில்கூட அது ஒலித்தது. அவர்கள் ராஸ்தஃபாரிகளுக்கே உரிய இறைப்பெயர்களை நீக்கிவிட்டு ஆண்டவர் என்ற பொதுச்சொல்லை வைத்தார்கள். மாறியவை ஓரிரு சொற்கள்தாம். ஆனால் பாடுகிறவர் யார், யாரை நோக்கிப் பாடுகிறார் என்பது அழிந்துபோயிற்று. அழுகை ஆட்டமாயிற்று. போனி எம்மை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? அந்தத் திருப்பாடலின் பழிவாங்கும் இறுதி அடிகளை நம் திருப்புகழ்மாலையும் விட்டுவிட்டுத்தான் செபிக்கிறது. அழுபவனின் சினம் எல்லாக் காலத்திலும் கேட்போருக்குச் சங்கடமானதே.

இதைத் தொல்காப்பியர் எப்போதோ கண்டுவிட்டார். செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளாக அவர் எண்ணும் முப்பத்து நான்கில் கூற்றும் கேட்போரும் தனித்தனி உறுப்புகள். அவற்றோடு முன்னம் என்று ஒன்றையும் வைத்தார். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு இன்னார் கூறத் தகுந்தது என்று கேட்பவரே உய்த்துணர்வதற்கு இடமாக நிற்கும் உறுப்பு அது. பாட்டில் பெயர் சொல்லப்பட்டிராது. பேசுபவர் இன்னார் என்ற குறிப்பும் இராது. சொல்லின் தன்மையிலிருந்து நாமே அறிந்துகொள்ள வேண்டும். உவமையைத் தேடும் அளவுக்கு நம் பாட்டு விமரிசனம் முன்னத்தைத் தேடியதில்லை என்பது என் குறை.

தமிழில் இந்தக் கூறு எளிதில் வெறுமையாகிவிடுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். 2011 நவம்பரில் வெளியாகி நாடு முழுவதும் பாடப்பட்ட தனுஷின் ‘கொலவெறி’ப் பாட்டு அது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் இறுதியில் உகரம் சேர்த்து, அந்த உகரத்தையே அடிதோறும் இயைபுத் தொடையாக்கியிருக்கிறார்கள். வல்லின மெய்யில் சொல்லை முடிக்க விரும்பாத தமிழ் நாவின் இயல்பை, குற்றியலுகரத்தின் அந்தப் பழைய குணத்தை, ஒரு நகைச்சுவையாக மாற்றிய திறமையை நான் மெச்சுகிறேன். இலக்கண ஆசிரியர்கள் வகுப்பில் இதைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம். ஆனால் அந்த வேடிக்கை ஒரு முறை கேட்டதும் தீர்ந்துவிடுகிறது. காதலில் தோற்றவன் ஒருத்தியை விளிக்கிறான், ஆனால் அந்த விளிக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. திரும்ப வருவது அத்தனையும் சொற்பொருட்பின்வருநிலை. முதல் முறை என்ன பொருளோ பத்தாவது முறையும் அதே பொருள்.

கோவையில் பிறந்த கவிஞர் தாமரையின் பாடல்கள் இதற்கு நேர் எதிரானவை. பொறியியல் கற்றவர். ஆங்கிலச் சொற்களையும் இரட்டை அர்த்தங்களையும் தம் பாடல்களில் கலப்பதில்லை என்று உறுதி பூண்டு, அதை வெளிப்படையாகவும் சொன்னவர். 2001-இல் வெளிவந்த ‘மின்னலே’ படத்தில் பாம்பே ஜெயஸ்ரீ பாடிய பாட்டு அவருக்குப் புகழ் தந்தது. அது ஒரு பெண்ணின் விருப்பத்தை அவள் வாய்மொழியாகவே கூறுவது. தலைவி கூற்றுகள் திரைப்படத்தில் ஆயிரம் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் ஆண்களே எழுதினார்கள். இங்கே எழுதியவரும் பெண். இந்த வேறுபாட்டைப் பாட்டில் கேட்க முடிகிறது. அவள் தன்னை வருணிக்கவில்லை, தன் அன்றாட வாழ்வின் சின்னஞ்சிறு ஆசைகளை அடுக்குகிறாள்.

2008-இல் வந்த ‘வாரணம் ஆயிரம்’ படத்துக்குப் பெரும்பான்மையான பாடல்களை அவர்தாம் எழுதினார். படத்தின் தலைப்பு ஆண்டாளின் கனவுப் பாசுரத்திலிருந்து எடுத்தது. அப்பாசுரத்தில் ஒரு பெண், யானைகள் சூழ வரும் மணமகனைத் தான் கண்ட கனவைத் தோழியிடம் சொல்கிறாள். படத்திலோ ஆணின் காதலே பாட்டாகிறது. ஆக, பெண் கூற்றிலிருந்து தலைப்பு, ஆண் கூற்றில் பாட்டு, எழுதியவர் பெண். இப்படிக் கூற்று மாறி மாறி நிற்பது எனக்குச் சுவையாக இருக்கிறது. ஆனால் அதே படத்தின் முழு ராக் பாட்டில், ஹாரிஸ் ஜெயராஜின் மின் கிட்டார் ஓங்கி ஒலிக்கும் இடத்தில், தாமரையின் செம்மையான தமிழ் பாதி எட்டுகிறது, பாதி எட்டவில்லை. அங்கே நம் நினைவில் தங்குவது முதலில் வரும் ‘அடியே’ என்ற விளி மட்டுமே. நல்ல கவிஞரின் உருவகங்கள் அனைத்தும் சேர்ந்து செய்யாததை ஓர் எளிய விளிச்சொல் செய்துவிடுகிறது. படித்தால் இனிக்கும் அவர் பாடல்களில் இது சற்றுக் குறைந்த ஒன்று என்றே மதிப்பிடுவேன். மெல்லிசையில் வரும் பிற பாடல்களே அவருடைய உண்மையான வலிமையைக் காட்டுகின்றன.

விளிச்சொல்லே பாட்டின் முழுப் பொருளையும் சுமக்க முடியும் என்பதற்கு நான் காட்ட விரும்புவது ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச் 7 அன்று வெளியான அந்தப் பாட்டைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் அரியர். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. சொற்கள் அறிவுடையவை. அரக்கோணத்துக்காரர். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர். பண்டிதர் அயோத்திதாசர் கையாண்ட சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட அக்குழு, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் ராக் இசையும் ராப்பும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்ற மேடை அது. அடுத்த ஆண்டு அறிவு வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தெருக்குரல்’.

இந்தப் பெயரைக் கேட்டதும் தொல்காப்பியர் மீண்டும் நினைவுக்கு வருகிறார். செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றைப் புலன் என்கிறார். சேரிமொழியால் செவ்விதாகக் கூறி, ஆராய்ந்து தேட வேண்டிய தேவையின்றிப் பொருள் தோன்றுவது புலன். உரையாசிரியர்கள் இதற்குக் கூத்துச் செய்யுள்களையே சுட்டினார்கள். சேரி என்ற சொல் அக்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது. இன்று அச்சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் பொருள் வேறு. அந்த இன்றைய பொருளிலும் அவர் இலக்கணம் இப்பாட்டுக்குப் பொருந்துவது வியப்பு. பேச்சு வழக்கை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்துவது தமிழ் மரபு என்று நினைப்பவர்கள், வீரமாமுனிவர் செந்தமிழுக்கு மட்டுமன்றிக் கொடுந்தமிழுக்கும் தனியே இலக்கணம் வகுத்தார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி அந்தச் சொல். ‘என் சாமி’ என்பதே பேச்சில் ‘எஞ்சாமி’ என்று திரிந்தது. ஆங்கிலத்தின் ‘என்ஜாய்’ என்ற சொல்லோடு அது கிட்டத்தட்ட ஒரே ஒலியில் தொடங்குவதால், இரு மொழிகளுக்கிடையே ஒரு மோனை விளைந்துவிட்டது. மகிழ்ந்திரு என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டார் இப்பாட்டை ஒரு மகிழ்ச்சிப் பாட்டாக எடுத்துக்கொண்டு ஆடியதற்கு இந்த மோனையே காரணம். ஆனால் நம் கொங்கு நாட்டில் ‘சாமி’ என்ற சொல் இரண்டு திசைகளில் நடக்கும். பாட்டி தன் பேரனைக் ‘கண்ணு’ என்றும் ‘தங்கம்’ என்றும் அழைப்பது போலவே ‘சாமி’ என்றும் அழைப்பாள். ‘சோறுண்ண வா சாமி’ என்பது ஈரோட்டில் எந்தத் தெருவிலும் மாலையில் கேட்கும் குரல். அதே பாட்டி காலையில் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனால், வரப்பின் மேல் நிற்கும் நிலக்காரரை, அவர் தன் மகனைவிட இளையவரானாலும், ‘சாமி’ என்றுதான் விளித்தாள். பண்ணாடி என்றும் எசமான் என்றும் சொல்வதுண்டு. எப்படிச் சொன்னாலும் கைகட்டி, இடுப்பு வளைத்துச் சொல்ல வேண்டிய சொல். மேலிருந்து கீழே வந்தால் கொஞ்சல், கீழிருந்து மேலே போனால் அடிமை. எழுத்து ஒன்றே.

பங்கில் நடந்த ஒரு திருமண வரவேற்பில் இசைக்குழுவினர் இப்பாட்டைப் பாடினார்கள். சிறுவர்கள் மேடைக்கு முன் ஆடினார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி, வாழ்நாள் முழுவதும் பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவள், என் பக்கம் திரும்பி, “எந்தச் சாமியச் சொல்றாங்க பாதர், தோட்டத்துச் சாமியையா, பேரஞ் சாமியையா?” என்று கேட்டாள். இப்பாட்டைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். முன்னம் என்ற உறுப்பை இவ்வளவு சரியாகத் தொட்ட கேள்வி அவற்றில் எதிலும் இல்லை.

அக்கேள்விக்கு விடை, இரண்டு சாமியும்தான் என்பது. பாட்டு ஒரு குழந்தைப் பாட்டாகத் தொடங்குகிறது. பறவையின் கூவலைப் போலச் செய்து, பொந்தில் யார் இருக்கிறார் என்பது போன்ற கேள்வி விடையாக, விடுகதை நடையில் நகர்கிறது. பாட்டியின் மடியில் குழந்தை இருக்கிறது என்று செவி தானே முடிவு செய்துகொள்கிறது. அந்நிலையில் ‘சாமி’ கொஞ்சல்தான். பிறகு கிளியை விளித்து, இந்த மண்ணை முதலில் ஆண்டு, பாடித் திரிந்து, பின் வந்தவர்களுக்கு விட்டுச்சென்ற ஆதிக்குடிகளின் கதை வருகிறது. ஏரியும் குளமும் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூட உரியன என்ற கருத்து வருகிறது. மனிதர் பட்டா போட்டுக்கொண்ட நீருக்கு விலங்குகளைப் பங்காளிகளாக்குவது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அதில் பிரசங்கம் இல்லை. (இப்பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி உழவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து போராடினார்கள். கசிவுநீர் கிணற்றுக்கும் கரையோர மரத்துக்கும் உரியதா, கடைமடைக்கு மட்டும் உரியதா என்பது அவ்வழக்கின் ஒரு பகுதி. அந்த வரியை நம்மவர்கள் வேறு காதோடு கேட்டிருப்பார்கள்.) இதற்குப் பின் திரும்பி வரும் ‘சாமி’ பழைய சாமி இல்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி எழுந்துவிட்ட பிறகு, அச்சொல்லில் வரப்பின் மேல் நிற்பவரின் நிழல் விழுந்துவிடுகிறது. சொற்பொருட்பின்வருநிலை போலத் தோன்றிய பல்லவி உண்மையில் சொற்பின்வருநிலை. ஒலி மாறாமல் பொருள் மாறுகிறது. பாட்டின் அரசியல் முழுவதும் இந்த ஓர் அணிக்குள் அடங்கியிருக்கிறது.

ஒப்பாரிப் பகுதியை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். மரம் வைத்து வளர்த்தவருக்கே தாகம் தீராத கொடுமை அங்கே சொல்லப்படுகிறது. ‘தோட்டம்’, ‘தொண்டை’ என்ற இரு சொற்களும் மோனையால் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று செழிக்கிறது, மற்றது வறண்டு கிடக்கிறது. எதிர்ப்பொருளை ஒலியால் இணைக்கும் இம்முறை நம் ஒப்பாரிகளில் காலங்காலமாக உள்ளதே. அதன் பின், பந்தலில் விதைக்கென விடப்பட்ட பாகற்காய் ஒன்று வருகிறது, அதைத் தாய் தந்தையர் விட்டுச் சென்றதாக. கறிக்குப் பறிக்காமல் முற்றவிட்டு, பழுத்து வெடிக்கும்வரை காத்திருந்து விதையெடுக்கும் காயை உழவர் வீட்டார் எல்லாரும் அறிவர். கசக்கும் காய்தான், ஆனாலும் அடுத்த போகத்துக்கு அதுவே முதல். சொந்த நிலம் இல்லாதவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சொத்து, விதைக்கு விட்ட ஒரு பாகற்காய். இதை விளக்கி ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. சங்கப் பாட்டில் கருப்பொருளை வைத்துவிட்டு விலகி நிற்கும் உள்ளுறையின் அடக்கம் இங்கே இருக்கிறது. அறிவு உள்ளுறையை எண்ணி எழுதினாரா என்பது எனக்கு முக்கியமன்று. ஒப்பாரி பாடிய பெண்களும் அதை எண்ணிப் பாடவில்லை.

தம் பாட்டியின் வாழ்வே இப்பாட்டின் ஊற்று என்று அறிவு பலமுறை கூறியிருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் எண்ணிக்கையால் மனிதரைப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அவ்வாறு வந்தவர்களில் பலர் நம் அண்டையிலுள்ள நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. நாலைந்து தலைமுறைகள் உழைத்த மண்ணில் உரிமை இல்லை, திரும்பி வந்த மண்ணிலும் நிலம் இல்லை. 137-ஆம் திருப்பாடலின் ஆற்றங்கரைக்கும் கூடலூர்த் தேயிலைச் சரிவுக்கும் தொலைவு அதிகம் இல்லை.

அமெரிக்கக் கறுப்பின அடிமைகளின் பாட்டிலும் இதே உத்தி இருந்தது. அடிமையாயிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1855-இல் எழுதிய தன்வரலாற்றில், தாங்கள் கானான் நாட்டைப் பற்றிப் பாடியபோது அமெரிக்காவின் வட மாநிலங்களையே மனத்தில் கொண்டிருந்ததாகச் சொல்கிறார். உரிமையாளர் கேட்டால் அது பக்திப் பாட்டு. உடன் உழைப்பவர் கேட்டால் தப்பிக்கும் திசை. ஒரே சொல்லுக்கு இரண்டு கேட்போர். அந்தக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்தே ராக் பிறந்தது. எனவே கேட்பவருக்கு ஏற்பப் பொருள் மாறும் சொல் ராக் இசைக்குப் பிறவிச் சொத்து. சத்தம் என்று நாம் ஒதுக்குவதற்குள் இது ஒளிந்திருக்கிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பாட்டின் தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல் அதன் பரவலுக்கு உதவியது போலவே அதன் பொருளை மூடியும் விட்டது. மோனை மிக நன்றாக அமைந்துவிட்டதால், ஆடுகிறவன் அதிலேயே நின்றுவிடுகிறான். ஒப்பாரி தொடங்கும்போது கால்கள் ஓயவில்லை. மெலோடியன்ஸ் பாட்டுக்குப் போனி எம் செய்ததை, இப்பாட்டுக்கு அதன் பல்லவியே ஓரளவு செய்துகொண்டது என்பேன்.

பாட்டின் பின்கதையும் அதன் பொருளோடு வந்து கலந்துகொண்டது. 2021-இல் ஓர் ஆங்கில இசையிதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதது பற்றிக் கேள்வி எழுந்தது. 2022 சூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே இப்பாட்டு பாடப்பட்டது. அப்போது, இப்பாட்டைத் தாமே அமைத்து, எழுதி, பாடி, நடித்ததாக அவர் அறிக்கை வெளியிட்டார். இசையமைப்பாளரும் பாடகியும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள், அவருடைய பங்கைத் தாங்கள் மறைத்ததில்லை என்றார்கள். 2024-இல் இப்பாட்டின் வருமானம் கலைஞர்களுக்கு வந்து சேரவில்லை என்ற குற்றச்சாட்டையும் சந்தோஷ் நாராயணன் வெளியிட்டார். யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. மண் யாருக்கு உரியது என்று கேட்ட பாட்டைக் குறித்தே, இது யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்ததை மட்டும் கவனிக்கிறேன்.

ஒப்பாரியில் இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. பிணத்தைச் சுற்றி அமர்ந்து பாடும் பெண்கள் ஒருத்தி விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தி எடுப்பார்கள். அடியைச் செய்தவள் யார் என்று எவரும் கேட்பதில்லை. செய்தவளும் சொல்லிக்கொள்வதில்லை. இசைத்தட்டு நிறுவனத்தின் படிவத்தில் இயற்றியவர், இசை, பாடியவர் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. விதைக்கு விட்ட பாகற்காயை முதன்முதலில் ஒரு பந்தலின் கீழிருந்து பாடியவளின் பெயரை அவற்றில் எதில் எழுதுவது?